பிங்கை மூடினால் சர்வர் பத்திரமா?

புது லினக்ஸ் சர்வர் ஒன்று கைக்கு வந்ததும் பல அணிகளில் ஒரு சடங்கு நடக்கிறது. ட்ரேஸ்ரூட், எம்டிஆர், டிசிபிடம்ப் எல்லாம் இருந்தால் நீக்கப்படும். இல்லாவிட்டால் ஏற்றவே கூடாது என்று விதி எழுதப்படும். அடுத்து, பிங் ஓடும் நெறிமுறையான ஐசிஎம்பி ஃபயர்வாலில் மொத்தமாக மூடப்படும். ஏன் என்று கேட்டால் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். தாக்க வருகிறவனுக்கு நாமே ஆயுதம் எடுத்து வைக்கக் கூடாது. பிங்குக்குப் பதில் சொல்லாத சர்வர் வெளியே தெரியாது. பாதையைப் பார்த்துக்கொள்ள கிளவுட் கம்பெனியும் அதன் டாஷ்போர்டும் இருக்கின்றன.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு யாரும் இதைத் திரும்பக் கிளறுவதில்லை. எதிர்த்துப் பேசுகிறவருக்குப் பாதுகாப்பில் அக்கறை இல்லாதவர் என்ற பட்டம் கிடைக்கும். கிடைக்கட்டும். இந்த மூன்று பதில்களுமே தவறு, மூன்றாவது மிகவும் ஆபத்தான தவறு. ஒரு சர்வரிலிருந்து கிளம்பும் பாக்கெட் எந்த வழியாகப் போகிறது என்பதை அந்த சர்வரில் நின்றுதான் பார்க்க முடியும். அங்கே பார்க்கும் கருவியை எடுத்துவிட்ட அணி, இணைப்பில் பாதியைப் பார்க்காமலே காலம் தள்ளுகிறது.

முதலில் பயத்தின் பூர்வீகத்தைப் பார்த்துவிடலாம். 1996-இல் 'பிங் ஆஃப் டெத்' வந்தது. துண்டு துண்டாக அனுப்பப்பட்ட ஒரு பிங் பாக்கெட், மறுமுனையில் ஒட்டும்போது 65,535 பைட் என்ற உச்சவரம்பைத் தாண்டிவிடும். அந்தக் காலத்து இயங்குதளங்கள் பல அதைத் தாங்க முடியாமல் விழுந்தன. பின்னால் 'ஸ்மர்ஃப்' வந்தது. பலியாகப் போகிறவரின் முகவரியைப் பொய்யாகப் போட்டு ஒரு நெட்வொர்க்கின் பிராட்காஸ்ட் முகவரிக்கு பிங் அனுப்பினால், அங்குள்ள அத்தனை கணினிகளும் பலியாள்மீது பதில்களைக் கொட்டும். இரண்டும் நிஜமான தாக்குதல்கள். அன்றைக்கு ஐசிஎம்பியை மூடியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதலாவதைக் கெர்னல்கள் அப்போதே சரிசெய்துவிட்டன. இரண்டாவதற்கு 1999-இல் ரூட்டர்களின் இயல்புநிலையையே மாற்றும்படி ஆர்எஃப்சி 2644 வந்தது. லினக்ஸும் பிராட்காஸ்ட் பிங்குக்கு இயல்பாகவே பதில் சொல்வதில்லை. நோய் போய்விட்டது, பத்தியம் மட்டும் இன்னும் நடக்கிறது.

'பிங்குக்குப் பதில் சொல்லாவிட்டால் வெளியே தெரியாது' என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 2013-இல் மிஷிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரு ஜிகாபிட் இணைப்பு கொண்ட ஒரே கணினியிலிருந்து, ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று முழு ஐபிவி4 வெளியையும் 45 நிமிடத்துக்குள் தேடிக் காட்டியது. அது பிங்குக்காகக் காத்திருக்கவில்லை. நேரே போர்ட்டைத் தட்டியது. உங்கள் சர்வர் 443-இல் உலகத்துக்கே கடை திறந்து வைத்திருக்கிறது. அங்கே பதில் சொல்லிக்கொண்டே பிங்குக்கு மட்டும் வாயை மூடிக்கொள்வதால் யாரிடமிருந்து ஒளிகிறோம்? என்மேப்பிலேயே பிங் பார்க்காமல் வேலையைத் தொடங்கு என்று சொல்ல ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஒளிந்துகொள்வது நம்மிடமிருந்தும், நம் வாடிக்கையாளரின் நெட்வொர்க் ஆளிடமிருந்தும்தான்.

ஆயுத வாதத்துக்கு வருவோம். சர்வருக்குள் ஒருவன் நுழைந்து ஷெல் பிடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ட்ரேஸ்ரூட் இல்லை. திரும்பிப் போய்விடுவானா? பெரும்பாலான சர்வர்களில் பைத்தான் இருக்கிறது. ஒரு யுடிபி சாக்கெட் திறந்து, அதன் டிடிஎல் மதிப்பை (பாக்கெட்டின் ஆயுளை) ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றி, திரும்பி வரும் பிழைச்செய்திகளைப் படித்தால் போதும், அதுதான் ட்ரேஸ்ரூட். லினக்ஸில் இதற்கு ரூட் அதிகாரம்கூடத் தேவையில்லை, சாதாரணப் பயனர் சாக்கெட்டிலேயே அந்தப் பிழைகளை வாங்கிக்கொள்ள கெர்னல் வழி வைத்திருக்கிறது. ஒருவேளை பைத்தானும் இல்லை என்றால், பாஷ் ஷெல்லே டிசிபி இணைப்பு திறக்கும். பக்கத்து சர்வர்களைத் தேட நினைப்பவனுக்கு இவை போதும். ஆக, கருவியை நீக்கியதால் கை கட்டப்பட்டவர் ஒருவர்தான்: ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பப்படும் உங்கள் சொந்த அட்மின்.

அவர் அப்போது ஏற்றிக்கொள்ளட்டும் என்பார்கள். ரூட்டிங் கெட்டுப்போன சர்வரிலிருந்து பேக்கேஜ் களஞ்சியத்தை எட்ட முடியுமா என்பது ஒரு கேள்வி. எட்ட முடிந்தாலும், உற்பத்திச் சூழலில் புதிதாக ஒன்றை ஏற்ற மாற்ற-அனுமதி வாங்க வேண்டும். அனுமதி தருகிறவர் தூங்கிக்கொண்டிருப்பார். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

இந்தச் சடங்கில் நடக்கும் பெரிய சேதம் வேறு. ஐசிஎம்பி என்றால் பிங் என்று நினைத்துக்கொள்வதில் அது தொடங்குகிறது. 1981-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 792-ஐப் பார்த்தால், அந்த நெறிமுறையின் முக்கிய வேலை பிழை சொல்வது என்று தெரியும். இந்த முகவரியை எட்ட முடியவில்லை. இந்தப் பாக்கெட்டின் ஆயுள் வழியில் தீர்ந்துவிட்டது. இது இந்தச் சாலைக்குப் பெரியது, சின்னதாக்கி அனுப்பு. மைக் மூஸ் பிங் எழுதியது அதற்குப் பிறகு, 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில். எக்கோ கேட்டுப் பதில் வாங்குவது அந்த நெறிமுறையின் ஒரு சின்னப் பகுதி. அந்தச் சின்னப் பகுதியின்மேல் உள்ள பயத்தில் மொத்தத்தையும் மூடுகிறோம்.

மூடினால் என்ன ஆகும் என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். சர்வரின் ஈதர்நெட் இணைப்பு 1500 பைட் பாக்கெட்டை ஏற்கும். எதிர்முனையில் ஒரு கிளை அலுவலகம். வழியில் ஒரு ஜிஆர்இ டனல். டனலின் சொந்தத் தலைப்பு 24 பைட்டைத் தின்றுவிடுவதால் அதன் வழியே 1476 பைட்தான் போகும். சர்வர் 1500 பைட் பாக்கெட்டை, துண்டாக்காதே என்ற குறியோடு அனுப்புகிறது. லினக்ஸில் டிசிபி இயல்பாகவே அப்படித்தான். டனல் வாசலில் உள்ள ரூட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, 'பெரிதாக இருக்கிறது, 1476-க்குள் அனுப்பு' என்று ஐசிஎம்பி செய்தி அனுப்புகிறது. வகை 3, குறியீடு 4. 1990-இல் வந்த ஆர்எஃப்சி 1191 வகுத்த முறை இது. செய்தி சர்வரின் வாசல் வரை வருகிறது. அங்கே ஃபயர்வால் அதைக் கொன்றுபோடுகிறது. சர்வர் பதில் வரவில்லையே என்று அதே 1500 பைட் பாக்கெட்டை மறுபடி அனுப்புகிறது. மறுபடியும்.

கிளை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? லாகின் பக்கம் வருகிறது. பயனர்பெயர் போட்டால் உள்ளே போகிறது. அறிக்கையைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எஸ்எஸ்எச் இணைகிறது, சின்னக் கட்டளைகள் ஓடுகின்றன, நீளமான கோப்புப் பட்டியல் கேட்டதும் திரை உறைந்துவிடுகிறது. சின்னப் பாக்கெட் எல்லாம் போகும், பெரியது எதுவும் போகாது. அலுவலகத்து ஆள் பிங் போட்டுப் பார்ப்பார் (வாடிக்கையாளருக்காக எக்கோவை மட்டும் திறந்து வைத்திருந்தால்). 64 பைட் பிங் அழகாக ஓடும். உடனே 'நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, அப்ளிகேஷன்தான் ஸ்லோ' என்று தீர்ப்பு எழுதப்படும். டெவலப்பர்கள் டேட்டாபேஸ் குவெரிகளைத் தோண்டத் தொடங்குவார்கள். ஒரு வாரம் போகும்.

ட்ரேஸ்பாத் என்ற கருவி சர்வரில் இருந்திருந்தால் இது அரை நிமிட வேலை. ரூட் அதிகாரம் கேட்காத, ஐபியுட்டில்ஸ் தொகுப்பைச் சேர்ந்த சின்னக் கருவி அது. ஒவ்வொரு ஹாப்பாகப் போய், எந்த இடத்தில் 1500 என்பது 1476 ஆகிறது என்று அந்த வரியிலேயே எழுதிக் காட்டும். ஆனால் அதுவும் ஐசிஎம்பி பிழைச்செய்தியை நம்பித்தான் ஓடுகிறது. மூடிவிட்ட சர்வரில் பதிலில்லை என்ற வரிகளாக அடுக்கும். அந்த மௌனமும் ஒரு தடயம்தான், படிக்கத் தெரிந்தவருக்கு.

இதற்கு மாற்றுவழிகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. வழியில் உள்ள ரூட்டரில் டிசிபியின் எம்எஸ்எஸ் அளவைக் குறைத்துவிடலாம். வீட்டு பிராட்பேண்டில் பிபிபிஓஈ காரணமாக வரும் 1492 பைட் வரம்பு பெரும்பாலும் அப்படித்தான் சமாளிக்கப்படுகிறது. அது டிசிபிக்கு மட்டும்தான் பொருந்தும். இன்று பிரவுசர் போக்குவரத்தில் நல்ல பங்கு யுடிபி மேல் ஓடும் குவிக்கில் போகிறது. குவிக் தன் பாக்கெட் அளவைத் தானே சோதித்துக்கொள்ளும், ஆனால் விபிஎன்னும் குரல் அழைப்பும் எல்லாம் அப்படி இல்லை. லினக்ஸ் கெர்னலிலும் டிசிபி எம்டியு புரோபிங் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். மூடிவிட்டு அதன் விளைவைச் சமாளிக்க மூன்று ஒட்டுப்போடுவதா, மூடாமலே இருப்பதா? ஐபிவி6-க்கு வந்தால் இந்த விவாதமே கிடையாது. வழியில் உள்ள ரூட்டர் அங்கே பாக்கெட்டைத் துண்டாக்கவே கூடாது. பெரிது என்று சொல்லும் ஐசிஎம்பிவி6 செய்தி வந்து சேர்ந்தே ஆக வேண்டும். எதை மூடலாம், எதை மூடவே கூடாது என்று 2007-இல் ஆர்எஃப்சி 4890 தனியாகவே எழுதிவைத்தது. அண்டைக் கணினியைக் கண்டுபிடிப்பதே ஐசிஎம்பிவி6 வழியாகத்தான் என்பதால், மொத்தமாக மூடினால் பக்கத்து ரூட்டர்கூடத் தெரியாமல் போகும்.

லினக்ஸ் ஃபயர்வாலில் ஒரு நுணுக்கம். இணைப்புகளை நினைவில் வைக்கும் கான்ட்ராக், ஏற்கெனவே இருக்கும் ஒரு இணைப்பைப் பற்றி வரும் ஐசிஎம்பி பிழையை 'தொடர்புடையது' என்று தானே அடையாளம் கண்டுகொள்ளும். அந்த விதி மேலே இருந்தால் வகை 3 செய்தி பத்திரமாக உள்ளே வந்துவிடும். ஆனால் 'ஐசிஎம்பி எல்லாம் தடை' என்ற வரியை யாரோ முதல் வரியாகச் சொருகியிருப்பார்கள். ஐபிடேபிள்ஸில் முதலில் பொருந்தும் விதிதான் செல்லும். ஒரே ஒரு வரி இடம் மாறியதால் வரும் வினை இது. விதிப்பட்டியலைப் படித்துப் பார்க்கும் ஆடிட்டருக்கோ இரண்டு வரிசையும் ஒன்றுபோலவே தெரியும்.

இப்போது கிளவுட் டாஷ்போர்டு. இந்த வாதத்தின் அடியில் ஒரு தப்புக்கணக்கு ஒளிந்திருக்கிறது: இங்கிருந்து அங்கே போகும் வழியும் அங்கிருந்து இங்கே வரும் வழியும் ஒன்று என்ற கணக்கு. இணையத்தில் அப்படிக் கிடையாது. பாக்கெட்டை அடுத்து யாரிடம் கொடுப்பது என்பதை ஒவ்வொரு நெட்வொர்க்கும் தன் வசதிக்கும் ஒப்பந்தத்துக்கும் ஏற்பத் தானே முடிவு செய்கிறது. போவது ஒரு வழி, வருவது வேறு வழி என்பதுதான் அன்றாட நிலைமை.

சென்னையில் ஒரு சர்வர், மும்பையில் ஒரு பயனர் என்று எடுத்துக்கொள்வோம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் சுமார் ஆயிரம் கிலோமீட்டர். போய்வர 10 மில்லிசெகண்ட் அடிப்படைக் கட்டணம். இழை நேர்கோட்டில் புதைக்கப்படுவதில்லை, ரூட்டர்கள் வேறு, ஆகவே 20, 25 என்று வந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் பயனரின் திரையில் 65 காட்டுகிறது. மும்பையிலிருந்து ட்ரேஸ்ரூட் போட்டால் வழி நேராக, சுத்தமாக இருக்கிறது. கடைசி ஒன்றிரண்டு ஹாப்பில்தான் எண் திடீரென்று ஏறுகிறது. 'உங்க சர்வர்தான் ஸ்லோ' என்று பயனர் சொல்வார். திரையில் தெரிவதை வைத்து வேறென்ன சொல்வார்?

சர்வரிலிருந்து எம்டிஆர் போட்டுப் பார்த்தால் கதை வெளிவரும். திரும்பும் பாக்கெட் வங்காள விரிகுடாவைத் தாண்டி சிங்கப்பூர் போய், அங்கே வேறொரு நெட்வொர்க்கின் கைக்கு மாறி, மும்பைக்கு வந்துகொண்டிருக்கும். ஹாப் பெயரில் எஸ்ஐஎன் என்று சிங்கப்பூர் விமான நிலையக் குறியீடே இருக்கும், பல கம்பெனிகளின் ரூட்டர் பெயர்களில் அது வழக்கம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர், அங்கிருந்து மும்பை 3,900; வரும் வழியையும் கூட்டினால் ஒளியின் வேகத்துக்கே 40 மில்லிசெகண்ட் ஆகிவிடுகிறது. இரண்டு இந்திய நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வெளிநாட்டில் போய்க் கைகுலுக்குவதைத் தடுக்கத்தான் 2003-இல் நிக்ஸி என்ற இணையப் பரிமாற்ற மையம் தொடங்கப்பட்டது. இன்றும் ஒரு ரூட்டிங் கொள்கை தவறாக அமைந்தால் பாக்கெட் கடல் தாண்டிவிடும். டாஷ்போர்டில் இது எங்கே தெரியும்? சிபியு பச்சை. மெமரி பச்சை. ஹெல்த் செக் பச்சை, ஏனென்றால் அந்தச் செக் அதே டேட்டா சென்டருக்குள்ளிருந்து வருகிறது.

பச்சை விளக்கை நம்புகிறவர்கள் 2008 பிப்ரவரி 24-ஐ நினைத்துப் பார்க்கட்டும். பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டில் யூடியூபைத் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்ற முகவரித்தொகுதிக்குத் தன்னிடம் வழி இருப்பதாக, நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபியில் ஓர் அறிவிப்பு போட்டது. அது அதன் மேல்நிலை நெட்வொர்க்கான பிசிசிடபிள்யூ வழியாக உலகத்துக்கே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்ததோ அதைவிட அகலமான /22. குறுகலான அறிவிப்பே வெல்லும் என்பது ரூட்டிங் விதி. உலகின் பெரும்பகுதியிலிருந்து யூடியூபுக்குப் போக வேண்டிய போக்குவரத்து பாகிஸ்தானுக்குத் திரும்பியது. அது சரியாவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த நேரம் முழுக்க யூடியூபின் சர்வர்கள் எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சர்வருக்குள் அளக்கும் மீட்டர் எதுவும் வெளியே உள்ள சாலை திரும்பிவிட்டதைச் சொல்லாது.

2021 அக்டோபர் 4 இன்னும் கறாரான பாடம். ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு நெட்வொர்க்கில் பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, டேட்டா சென்டர்களுக்கு இடையிலான இணைப்புகளை எல்லாம் அறுத்துவிட்டது. அதைக் கண்ட டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் பிஜிபி அறிவிப்புகளைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டன. சுமார் ஆறு மணி நேரம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எதுவுமில்லை. கோளாறைப் பார்க்க வேண்டிய உள் கருவிகள் பலவும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்ததால் சேர்ந்தே விழுந்தன என்று அந்த நிறுவனமே பின்னர் எழுதியது. பார்க்கும் கருவி, தான் பார்க்க வேண்டிய வலையின்மேலேயே தொங்கினால் இதுதான் நடக்கும். டாஷ்போர்டும் ஒரு இணையதளம்தானே.

எதிர்த்தரப்பில் ஒரு கெட்டிக்கார வாதமும் உண்டு. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. 'ட்ரேஸ்ரூட் பொய் சொல்லும், அதைத் தப்பாகப் படித்துவிட்டு எல்லோரும் ஐஎஸ்பிக்குப் புகார் எழுதுகிறார்கள், ஆகவே அது இல்லாமலிருப்பதே நிம்மதி' என்பது அது. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நெட்வொர்க் ஆட்கள். பட்ட அனுபவத்தில் சொல்கிறார்கள். எம்டிஆர் அறிக்கையில் ஐந்தாவது ஹாப்பில் 70 சதவீதம் லாஸ், ஆறிலிருந்து பதினொன்று வரை பூஜ்யம். உடனே ஐந்தாவது ரூட்டர் பழுது என்று டிக்கெட் போடுவார்கள். உண்மையில் அந்த ரூட்டர் பாக்கெட்டுகளைக் கடத்துவது வன்பொருளில். 'ஆயுள் தீர்ந்தது' என்ற பதிலை எழுதுவது அதன் சின்ன சிபியு. அந்த சிபியுவைக் காப்பாற்ற, பதில்களுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். லினக்ஸேகூட அப்படி வரம்பு வைக்கிறது. நடுவில் லாஸ் காட்டி முடிவில் காட்டாவிட்டால் லாஸ் இல்லை என்று பொருள். ஒரு ஹாப்பில் தொடங்கி கடைசி வரை அதே அளவில் தொடர்ந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

எம்பிஎல்எஸ் வலைக்குள் இன்னும் வேடிக்கை. டனலின் நடுவில் ஆயுள் தீர்ந்த பாக்கெட்டுக்கான பதில், பல சமயம் டனலின் முடிவு வரை போய்த்தான் திரும்பி வரும். அதனால் நான்கைந்து ஹாப்புகளுக்கும் ஒரே நேரம் காட்டும். முதல் ஹாப்பே கண்டம் தாண்டிவிட்டதுபோல் இருக்கும். ஒரே தூரத்துக்குப் பல இணைகோடுகள் இருந்தால், பழைய ட்ரேஸ்ரூட் ஒவ்வொரு சோதனைக்கும் யுடிபி போர்ட்டை மாற்றுவதால் (33434-இல் தொடங்கி ஏறும்) ஒவ்வொரு பாக்கெட்டும் வேறு கோட்டில் போய், உலகத்தில் இல்லாத ஒரு பாதையைத் தைத்துக் காட்டும். 2006-இல் வந்த பாரிஸ் ட்ரேஸ்ரூட் போர்ட்டை மாற்றாமல் வைத்து இதைத் தீர்த்தது. ரிச்சர்ட் ஸ்டீன்பெர்கன், நெட்வொர்க் ஆட்கள் கூடும் நானாக் கூட்டத்தில் ட்ரேஸ்ரூட்டைச் சரியாகப் படிப்பது பற்றித் தந்த உரையை இன்றும் நெட்வொர்க் ஆட்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது இதனால்தான்.

இதெல்லாம் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கான காரணங்கள். இசிஜியைத் தப்பாகப் படிக்கிறார்கள் என்று மருத்துவமனையிலிருந்து இயந்திரத்தைத் தூக்கிவிடுகிறோமா? தவிர, வான் ஜேக்கப்சன் 1980-களின் கடைசியில் ட்ரேஸ்ரூட் எழுதிய காலத்தோடு கருவி நின்றுவிடவில்லை. 443 போர்ட்டுக்கு டிசிபியிலேயே பாதை தேட ட்ரேஸ்ரூட்டுக்கும் எம்டிஆருக்கும் தெரியும். வழியில் யுடிபியையும் பிங்கையும் யார் மூடியிருந்தாலும், வாடிக்கையாளரின் நிஜமான போக்குவரத்து போகும் வழியையே அது காட்டும்.

சரி, எப்படி வைப்பது? டெபியன், உபுண்டு என்றால் எம்டிஆர்-டைனி, ட்ரேஸ்ரூட், ட்ரேஸ்பாத், டிசிபிடம்ப்: நான்கு பேக்கேஜ். முதலாவது, திரைச்சாளரமெல்லாம் இல்லாத சர்வர் பதிப்பு. இவை தவிர இரண்டு கருவிகள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன, பலரும் பயன்படுத்துவதில்லை. ஐபி கட்டளையிடம் 'இந்த முகவரிக்கு எப்படிப் போவாய்' என்று கேட்டால் எந்த இடைமுகம், எந்த கேட்வே, எந்த மூலமுகவரி என்று கெர்னலே சொல்லும். இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள சர்வரில் பாதிக் கோளாறு இந்த ஒரு வரியில் முடிந்துவிடும். எஸ்எஸ் கட்டளையை டிசிபி விவரத்தோடு ஓட்டினால், இப்போது இணைந்திருக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போய்வரும் நேரம், திரும்ப அனுப்பிய பாக்கெட் எண்ணிக்கை, பாதை எம்டியு எல்லாம் வரிசையாக வரும். எந்தச் சோதனைப் பாக்கெட்டும் அனுப்பாமல், நிஜமான போக்குவரத்திலிருந்தே.

அதிகாரத்தைப் பற்றிக் கவலை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. எம்டிஆர் இப்போது இரண்டு துண்டாக இருக்கிறது: திரை காட்டும் பகுதிக்கு எந்தச் சிறப்பு அதிகாரமும் இல்லை, பாக்கெட் அனுப்பும் சின்னத் துணைநிரலுக்கு மட்டும் கேப்-நெட்-ரா என்ற ஒரே ஒரு திறன். ரூட் எங்குமே இல்லை. அந்தத் துணைநிரலை ஒரு தனிக் குழுவுக்கு மட்டும் ஓடும்படி மாற்றி, டெபியனில் ஒரு ஸ்டாட்ஓவர்ரைட் பதிவும் போட்டுவிட்டால், அப்டேட் வந்தாலும் அந்த அனுமதி மாறாது. வெப் சர்வரின் பயனர்கணக்கு அதைத் தொட முடியாது. கன்டெய்னர் வைத்திருப்பவர்கள் தங்கள் இமேஜில் ஷெல்கூட இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள்; நல்லது, அங்கே எதையும் திணிக்க வேண்டாம். கருவி ஹோஸ்டில் இருக்கட்டும், அங்கிருந்து அந்தக் கன்டெய்னரின் நெட்வொர்க் பெயர்வெளிக்குள் மட்டும் நுழைந்து ஓட்டலாம். குபர்னெட்டீஸில் 1.25 பதிப்பிலிருந்து இதற்கென்றே தற்காலிகக் கன்டெய்னர் நிலையான வசதியாக இருக்கிறது.

இதைவிட முக்கியம், கோளாறு இல்லாத நாளில் பாதை எப்படி இருந்தது என்ற பதிவு. அது இல்லாமல் கோளாறு நாளில் எடுக்கும் எம்டிஆர் பாதி அர்த்தம்தான் தரும். பதினோரு ஹாப் என்பது வழக்கமா, இன்றைக்கு முளைத்ததா என்று யாருக்குத் தெரியும்? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, உங்கள் முக்கிய வாடிக்கையாளர்களின் திசையில் ஐந்தாறு முகவரிகளுக்கு எம்டிஆர் அறிக்கை எடுத்து, நேரத்தோடு ஒரு கோப்பில் சேர்த்து வைக்க ஒரு டைமர் போதும். படமாகப் பார்க்க வேண்டுமானால் டோபியாஸ் ஓட்டிக்கரின் ஸ்மோக்பிங் இருக்கிறது. இயல்பமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு 20 பிங் அனுப்பி, சிதறலைப் புகைபோல் வரைந்து வைக்கும். அதை அதே டேட்டா சென்டரில் வைக்காமல் வேறிடத்தில் வைப்பது நலம். காரணம் மேலே சொன்ன அக்டோபர் 4.

பதிவு இருந்தால் ஐஎஸ்பியுடன் பேசும் பேச்சே மாறும். 'நெட் ஸ்லோ' என்ற டிக்கெட்டுக்கு மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்றுதான் பதில் வரும். இரு திசையிலும் நூறு நூறு பாக்கெட், மூலமுகவரி, சேருமுகவரி, ஐஎஸ்டி நேரம், நேற்று இதே நேரத்தில் இருந்த பாதை, இன்று எந்த ஏஎஸ் எண்ணில் வழி மாறியது என்ற வரி. இவ்வளவும் இணைத்த டிக்கெட்டை முதல்நிலை ஆளால் மூட முடியாது. மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும்.

கருவியிலேயே ஓட்டை இருந்தால் என்று கேட்பவர்களுக்கு ஒரு நிஜ உதாரணம் தருகிறேன், என் வாதத்துக்கு எதிரானதுதான். 2022 நவம்பரில் ஃப்ரீபிஎஸ்டியின் பிங் நிரலில் ஒரு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கண்டுபிடிக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் பதில் பாக்கெட்டே அதைத் தூண்டக்கூடும். கருவி ஏற்றுவதில் ஆபத்தே இல்லை என்று இதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த பிங் ஏற்கெனவே தன்னைத் தானே ஒரு சிறைக்குள் அடைத்துக்கொண்டுதான் ஓடியது. திருத்தமும் உடனே வந்தது. திறனைக் குறைத்துக் கொடு, அப்டேட் போடு: ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கும் எஸ்எஸ்எச்சுக்கும் நாம் சொல்லும் அதே பதில் இதற்கும் பொருந்தும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் எத்தனையோ ஓட்டை வந்தபோதும் பெரும்பாலான அணிகள் அதை நீக்கிவிடவில்லை.

மிச்சமிருப்பது ஆடிட் அறிக்கை. இந்தச் சடங்கு பல இடங்களில் உயிரோடு இருப்பதற்கு அதில் வரும் ஒரே ஒரு வரி காரணம்: 'ஐசிஎம்பி டைம்ஸ்டாம்ப் பதில் வெளிப்படுகிறது, சிவிஈ-1999-0524'. ஸ்கேனர் அதைக் குறைந்த அபாயம் என்றுதான் குறிக்கும். ஆனாலும் அறிக்கையில் ஒரு வரி குறைய வேண்டும் என்ற அவசரத்தில் அட்மின் ஐசிஎம்பியையே மூடிவிடுகிறார், அடுத்த ஸ்கேனில் வரி காணாமல் போகிறது, எல்லோருக்கும் திருப்தி. ஆடிட்டர்கள் கையில் வைத்திருக்கும் சிஐஎஸ் பாதுகாப்புப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தாலும் பிராட்காஸ்ட் பிங்கைப் புறக்கணி, ரீடைரக்டை ஏற்காதே, போலிப் பிழைப் பதில்களைப் புறக்கணி என்றுதான் இருக்கும். எல்லாவற்றையும் மூடச் சொல்லும் வரி அதில் இல்லை. டைம்ஸ்டாம்ப் கேட்பது வகை 13, அதற்கான பதில் வகை 14. அந்த இரண்டை மட்டும் தடுக்க ஒரு விதி எழுதி, வகை 3-ஐயும் 11-ஐயும் திறந்துவிட்டு, வகை 8-க்கு விநாடிக்கு இத்தனை என்று ஒரு வரம்பு வைத்துவிட்டு, அதே ஸ்கேனரை மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஆடிட்டர் கேட்ட வரி அப்போதும் காணாமல் போயிருக்கும். கிளை அலுவலகத்துக்காரரின் அறிக்கையும் திறக்கும்.